எளாவூருக்கு அந்தப் பக்கம்

வேறு மாநிலத்துக்குக் குடிபோகலாமா என்று யோசிக்கிறோம் என்று சொன்னால், கேட்பவர்கள் பெரிய லாரி, இரண்டு நாள் ரயில் பயணம், புரியாத பாஷை என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு அப்படி இல்லை. எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்தது தடா. ரயிலில் மூன்றாவது நிறுத்தத்தில் மாநிலம் மாறிவிடும். பெயர்ப்பலகையில் தெலுங்கு வரும். கடையில் தமிழில் கேட்டாலும் சாமான் கிடைக்கும்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலை ஸ்ரீசிட்டியில் இருக்கிறது. எட்டு வருடமாக கம்பெனி பஸ்ஸில் எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய் வருகிறேன். இவருக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு ரோலிங் மில்லில். போன வருடம் வீட்டு ஓனர் வாடகையை ஏற்றினார். 'தடாவிலோ சூலூர்பேட்டையிலோ இதில் முக்கால்வாசிக்கு வீடு கிடைக்கும், உனக்கும் பஸ்ஸில் உட்காரும் நேரம் மிச்சம்' என்று இவர் பேச்செடுத்தார். நியாயமான பேச்சுதான்.

எங்கள் பக்கத்து எல்லைக்கோடு ஒன்றும் ஆதி காலத்தது இல்லை. ஸ்ரீசிட்டி இருக்கும் சத்தியவேடு பக்கமெல்லாம் 1960 ஏப்ரல் 1 வரைக்கும் செங்கல்பட்டு மாவட்டம்தான். படாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணி இங்கே வந்தது; பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து ஒரு பகுதி அங்கே போனது. திருத்தணிக்காக ம.பொ.சி. நடத்திய போராட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அங்கே போன ஊர்களில் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்த பெண்களுக்கு ஒரே நாளில் அம்மா வீடு ஒரு மாநிலம், மாமியார் வீடு ஒரு மாநிலம் ஆகியிருக்கும். அதைப் பற்றி எந்தப் பாடத்திலும் வரவில்லை. 2020-21இல் அரசு எடுத்த கணக்கில், ஊர் மாறிய பெண்களில் 86.8 சதவீதம் பேர் அதற்குக் கல்யாணத்தைத்தான் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். என் அம்மாவும் அந்தக் கணக்குதான். வேலைக்காகவோ வாடகைக்காகவோ ஊர் மாறலாமா என்று ஒரு பெண்ணும் உட்கார்ந்து யோசிப்பது எங்கள் வீட்டில் இதுதான் முதல்முறை.

இவர் பாப்பாவின் பழைய நோட்டில் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினார். வாடகை, அட்வான்ஸ், கரண்ட், பெட்ரோல், பால், ஸ்கூல், பருவநிலை. கடைசி வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இங்கே வெயில், அங்கேயும் வெயில். அதற்கு எதற்கு இரண்டு கட்டம்?

ஆனால் நான் அதிக நாள் யோசித்தது அந்த வரியைத்தான். அக்னி நட்சத்திரத்துக்கு எல்லைக்கோடு தெரியாது, புயலுக்கும் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் எங்கள் கரையோரமாகவே நகர்ந்து, சென்னையையும் திருவள்ளூரையும் மூழ்கடித்துவிட்டு, ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை ஏறியது. இங்கே ஆரணி ஆறு, அங்கே காளங்கி. பழவேற்காடு ஏரியே கொஞ்சம் இங்கே, பெரும்பகுதி அங்கே. ஆக, மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட ஒன்றுமில்லை. ஒப்பிட வேண்டியது வீட்டுக்கு வீடு. அதிலும், வீட்டுக்குள் எந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை.

கடலோரத்தில் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தால் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. அந்த 37 நிழலில் வைத்த கருவி சொல்வது. சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு அடுப்புக்கு முன்னால் நிற்பவளிடம் எந்தக் கருவியும் இல்லை. காற்றில் ஈரம் இருப்பதால் வேர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் செத்துப்போனால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லதுதான். ஆனால் சாகாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேகிறவர்களுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

ஷீட் வீட்டுக்கும் ஒட்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஷீட் பகலில் அனலாகக் கொதிக்கும், இருட்டினால் சீக்கிரம் ஆறிவிடும். மேல்மாடி தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கக்கும். பகல் ஷிஃப்ட் போகிறவனுக்கு ஷீட் வீடு போதும் என்று தோன்றும். நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கிறவளுக்கு அது ஆகாது.

நைட் ஷிஃப்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் ராத்திரியில் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு சொன்னது. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் தீர்ப்பு சொன்னது. வேண்டிய தீர்ப்பு, அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கு மூன்று ஷிஃப்டிலும் வேலை கிடைக்கிறது. ஆனால் ராத்திரி வேலைக்குக் கதவு திறந்தவர்கள் பகல் தூக்கத்துக்கு ஒன்றும் ஏற்பாடு செய்யவில்லை. இவர் நைட் முடித்து வந்து படுத்தால் நான் குழந்தைகளை 'ஷ்' என்று அடக்கி, டிவியை அணைத்து, கதவைச் சாத்துவேன். நான் வந்து படுத்தால் பதினொரு மணிக்கு கேஸ் வரும், பன்னிரண்டுக்குக் குடிதண்ணி கேன் வரும், ஒரு மணிக்கு உலை வைக்க வேண்டும். இதற்கு இவரைக் குறை சொல்லி என்ன, ஊரே இப்படித்தான் என்று அம்மா சொல்வாள். நான் இவரையும் சொல்லுவேன், ஊரையும் சொல்லுவேன்.

தடாவில் நாங்கள் பார்த்த வீடு, வாடகை குறைவு என்று இவர் குறித்து வைத்திருந்த வீடு, ஷீட் வீடு. கழிவறை வெளியே, மூன்று குடித்தனத்துக்குப் பொது. காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது சிலுசிலு என்று இருந்தது. இவருக்குப் பிடித்துவிட்டது. இன்னொரு நாள் நைட் முடிந்து, பஸ்ஸிலிருந்து தடாவில் இறங்கி, தோழியோடு டீ குடித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, வேண்டுமென்றே மதியம் இரண்டு மணிக்கு மறுபடி போனேன். குடியிருந்த அம்மா வாசல் வேப்பமரத்தடியில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார். 'உள்ளே இப்ப இருக்க முடியாதும்மா, அஞ்சு மணிக்கு மேலதான் போவேன்' என்றார். மரத்தடியில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கலாம், நைட் ஷிஃப்ட் தூக்கத்தைத் தூங்க முடியாது.

அடுத்தது செலவு. இவருடைய நோட்டில் கரண்ட் என்று ஒரு வரி இருந்ததே, அது முக்கியமான வரி. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். தடாவில் எங்களுக்கு அது கிடையாது. பெட்ரோல் அந்தப் பக்கம் விலை அதிகம். இவர் சிப்காட்டுக்கு வரும்போது இங்கேயே போட்டுக்கொள்வார், அது பிரச்சினை இல்லை. ரேஷனில் எங்கள் கார்டுக்கு 20 கிலோ அரிசி இலவசம், துவரம்பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அங்கேயும் ரேஷன் அரிசி உண்டு, ஆனால் இங்கே கார்டை ரத்து செய்து, அங்கே விலாசம் காட்டி, புதிதாக எழுதிக் காத்திருக்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு லீவு போடப்போவது நான்.

பஸ்ஸைச் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து இங்கே சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆந்திராவிலும் 2025 ஆகஸ்ட் 15இலிருந்து ஸ்த்ரீ சக்தி என்று கொண்டுவந்துவிட்டார்கள். எக்ஸ்பிரஸ் பஸ்ஸில்கூடப் போகலாம், அந்த வகையில் நம்முடையதைவிடத் தாராளம். ஆனால் அங்கே அந்த மாநிலத்து விலாசம் உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். இங்கே பெண்ணாக இருந்தால் போதும், எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்பதில்லை. நானும் என்னோடு வேலை செய்யும் தெலுங்குத் தோழியும் ஒன்றாகக் கிளம்பினால், இங்கே இரண்டு பேருக்கும் இலவசம், அங்கே அவளுக்கு மட்டும்.

இத்தனையும் கூட்டிக் கழித்தபின் மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று நோட்டு சொன்னது. அதில் என் அம்மாவுக்கு வரி இல்லை.

அம்மா எங்களிடமிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக, தனி ரேஷன் கார்டில் இருக்கிறாள். நான் எந்த ஷிஃப்ட் போனாலும் பிள்ளைகள் அவளிடம்தான். அவள் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. 2019இல் அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. எங்கள் வீட்டில் என் 299இல் பெரும்பகுதியை அம்மாதான் சுமக்கிறாள். அதற்கு ஒரு குழந்தைக் காப்பகத்தில் கட்டணம் கட்டினால் மிச்சம் என்ற அந்த ஆயிரம் எங்கே போகும் என்று கேட்டேன். இவர் சாதாரணமாக, 'அத்தையையும் கூட்டிட்டுப் போயிடலாம்' என்றார்.

கூட்டிக்கொண்டு போனால் அம்மா இழப்பது என்னென்ன என்று அன்று ராத்திரி நானே ஒரு பக்கம் எழுதினேன். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை, மாதம் 1000, அம்மா பேரில் வருகிறது. எனக்கு வராது, குடும்ப வருமானம் வருடம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் கிடையாது. அம்மாவுக்கு அவள் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் எடுத்துச் செலவு செய்யக் கிடைத்த முதல் பணம் அது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்கார்ந்து, கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். அப்புறம் பாஷை. நான் எட்டு வருடத்தில் தெலுங்கு பிடித்துவிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் தனக்கு என்ன செய்கிறது என்பதை, அதுவும் பெண்களுக்குள் சொல்லும் விஷயங்களை, இனிமேல் எந்தப் பாஷையில் சொல்லுவாள்?

கேட்டபோது அம்மா, 'எனக்கென்னம்மா, எங்க இருந்தாலும் சோறு வடிக்கறதுதானே' என்றாள். அவள் வேண்டாம் என்று சொல்லும் விதம் அதுதான்.

பாப்பா நான்காம் வகுப்பு, அரசுப் பள்ளி. 2023 ஆகஸ்டிலிருந்து காலையில் அங்கேயே உப்புமாவோ பொங்கலோ கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை பசியாறுகிறது என்று எல்லோரும் பேசுவது சரி. எனக்கு அது காலை ஆறு மணிக்கு அடுப்புக்கு முன்னால் நிற்கும் முக்கால் மணி நேரம். மே மாதம் பள்ளி மூடியதும் அந்த முக்கால் மணி நேரம் திரும்ப என் தலையில் வந்து விழும். இது செலவா, பருவநிலையா? நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எங்கள் காம்பவுண்டில் ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் கணவரும் ரோலிங் மில்தான். வருவதற்கு முன் என்னென்ன விசாரித்தாய் என்று ஒருநாள் கேட்டேன். எனக்குத் தெரிந்த தெலுங்கும் அவளுக்குத் தெரிந்த தமிழும் கலந்துதான் பேசுவோம். எதையும் விசாரிக்கவில்லையாம், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று போனில் சொன்னாராம், கிளம்பினாளாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரிலேயே தமிழ்நாடு சேர்ந்துவிட்டதே, இங்கே அரிசி வாங்கலாமே என்றேன். கார்டில் மாமியாரும் இருக்கிறார், இங்கே நான் வாங்கினால் அங்கே அவருக்குக் குறையும் என்றாள். அவளுக்கு ஷீட் வீடு, பகலில் வேலையில்லை, வெளியே உட்காரக் கூச்சம். மதியத்தில் தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் படுத்துக்கொள்கிறாள். என்னுடைய நோட்டை அவளிடம் காட்ட எனக்குச் சங்கடமாக இருந்தது. காட்டினேன். எல்லா வரியும் என்ன என்று கேட்டுவிட்டு, 'குளிக்கற இடத்துக்குத் தாழ்ப்பாள் இருக்கா, அதை எழுதலையே' என்றாள். எழுதிக்கொண்டேன்.

இப்போதைக்கு எல்லையைத் தாண்டுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. ஆரம்பாக்கத்தில் பார்க்கிறோம், இந்தப் பக்கத்துக் கடைசி ஊர். என் கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. இவருக்கு மில் கொஞ்சம் தூரமாகும், எட்டு வருடம் நான் போன தூரத்தைவிடக் குறைவுதான். அம்மாவின் கார்டில் விலாசம் மட்டும் மாறும். 'ஆரம்பாக்கம்னா வரேன், ஆனா எனக்குத் தனி ரூம் வேணும்' என்றாள், இந்த முறை சோற்றைப் பற்றிப் பேசவில்லை. பாப்பாவுக்கு அங்கே அரசுப் பள்ளி எது, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை இவர் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தரகர் இரண்டு வீடு சொல்லியிருக்கிறார், இரண்டும் தளம் போட்டது, ஒன்று கீழ்வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள், ஓனர் அப்போதுதான் இருப்பார் என்றார். மதியம் இரண்டு மணிக்குத்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.