உம்மாவின் பங்கை எடுத்து வையுங்கள்



புத்தூருக்கு அருகே நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்ட அதை, வற்றாத கிணறு என்றே எங்கள் ஊர்களில் சொல்வார்கள். சென்ற ஆண்டு பாடசாலை விடுமுறையில் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் பஸ்ஸில் அங்கே அழைத்துப் போனேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னார்:

"மேல நல்ல தண்ணி. கீழ போகப் போக உப்பு. அளவா இறைச்சா எந்த நாளும் தரும். கணக்கில்லாம இறைச்சா உப்பு மேல வந்திடும்."

பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவியோ மரநிழலில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்ததற்கே மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது. "ஒண்டுமில்ல, தலை சுத்துது" என்றாள். அந்த 'ஒண்டுமில்ல'யைப் பல மாதங்களாகக் கேட்டும் நான் காது கொடுக்கவில்லை.

மறுநாள் அரச வைத்தியசாலைக்குப் போனோம். இரத்தம் பரிசோதித்தார்கள். ஈமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே இரத்தசோகை. "காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். மனைவி என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளைகள் மிச்சம் வைக்கிறத. இல்லாட்டி ஒரு பிளேன்டீ."

நான் தலை குனிந்தேன். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம் என்று எத்தனையோ முறை பயான் செய்தவன் நான். என் வீட்டு அமானிதத்தை நான் பார்க்கவில்லை.

இது எனக்குப் புதிய காட்சியும் அல்ல. 1990 அக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது நான் சிறு பையன். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் உம்மா எங்களுக்கெல்லாம் சோறு போட்டுவிட்டு, கடைசியாகப் பானையைச் சுரண்டிச் சாப்பிடுவார். அன்று இல்லாமை. இன்று என் வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. ஆனாலும் அதே பழக்கம் தொடர்ந்தது. இதைத் தியாகம் என்று புகழ்ந்தே நாம் பெண்களை நோயாளிகளாக்கிவிட்டோம்.

மார்க்கம் இதைச் சொல்லித் தரவில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த தோழருக்கு, உடலுக்கும் உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால் அடுப்படி வேலைக்கு இல்லையா? பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக அல்பகரா அத்தியாயம் ஆக்கியிருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும் ஹதீஸில் படிக்கிறோம்.

"செலவுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். வைத்தியசாலையில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. வேலியில் நின்ற முருங்கை வாரம் மூன்று நாள் சுண்டலானது. அதில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது குறையும். ஆகவே பிளேன்டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தோம். நெத்தலி, பயறு, முட்டை ஆகியவற்றில் உம்மாவின் பங்கை முதலிலேயே எடுத்து மூடி வைக்கும் வேலை மூத்த மகளுடையது.

உடற்பயிற்சிக்கும் காசு வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமாக நடந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் போதும். உடம்பு தேறியதும், டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு, சுபஹுக்குப் பின் அயல்வீட்டுத் தாத்தாமார் இருவரோடு மனைவி நடக்கத் தொடங்கினாள். காசு கிடைத்தாலும் கிடைக்காதது அந்த அரை மணி நேரம்தான். அதை நான் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது தேங்காய் துருவுவதும் சின்னவனுக்கு முகம் கழுவிவிடுவதும் என் பொறுப்பு. முதல் வாரம் சம்பல் உப்புக் கரித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

இன்னொன்று. மாதவிலக்கில் அதிக இரத்தம் போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இலங்கையில் 35 வயது கடந்த பெண்களுக்கான இலவசப் பரிசோதனை நிலையங்கள் 1996 முதல் நடக்கின்றன. இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் நாள் கேளுங்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு மனைவியின் அளவு 11.4. அல்ஹம்துலில்லாஹ். இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்.

சகோதரிகளே, இன்று பகல் சோறு போடும்போது உங்கள் தட்டையும் மற்றத் தட்டுகளோடு சேர்த்து வையுங்கள். இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடமும் கொடுங்கள். அந்தப் பெரியவர் கிணற்றைப் பற்றிச் சொன்னது எங்கள் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். அல்லாஹ் நம் தாய்மாருக்கு ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.