காசும் கரண்டியும்

ஊட்டச்சத்து வகுப்புக்கு எத்தனை தாய்மார்கள் வந்தார்கள் என்று எண்ணிச் சொல்வது எளிது. கேட்ட பாடம் குழந்தையின் தட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

1980-ல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழகக் கிராமங்களில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு, தாய்க்கு ஆலோசனை. கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது.

ஏறக்குறைய இதே பாணியில் 1995-ல் பங்களாதேஷில் தொடங்கிய திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இத்தனைக்கும் தாய்மார்கள் பாடத்தை நன்றாகவே கற்றிருந்தார்கள். ஆனால் அங்கே பல வீடுகளில் சந்தைக்குப் போவது கணவன்; சமையலறையில் மாமியார் வைத்ததே சட்டம். பாடம் கேட்டதோ மருமகள். போதாக்குறைக்கு வறுமை: முட்டை நல்லது என்று தெரியும், வாங்கத்தான் வழியில்லை. 2005-ல் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியது.

அறியாமைதான் நோய் என்று முடிவு கட்டிவிட்டால் அறிவுரைதான் மருந்தாகத் தோன்றும். தாய்க்கு என்ன தெரியும் என்பதோடு, காசு யார் கையில், கரண்டி யார் கையில் என்றும் கேட்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.