யார் பெயர் எந்தப் பதிவேட்டில்?

ஆடம்பர ஆடை, காலணி, கைப்பை விற்கும் கடைகளில் ‘பிரைவேட் சேல்’ என்று ஒன்று நடக்கிறது. புதிய கலெக்‌ஷன் வந்ததும் அதை எல்லோருக்கும் காட்டுவதில்லை. பட்டியலில் உள்ள சிலருக்கு மட்டும் அழைப்பு போகும். கடை மூடிய பிறகு அவர்களுக்காக மட்டும் விளக்கு எரியும். அவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் பிறகு மற்றவர்கள் கண்ணுக்கு வரும். ‘சேல்’ என்றதும் ஆடித் தள்ளுபடியை நினைத்துவிடாதீர்கள். இங்கே விலை குறைந்தே ஆக வேண்டும் என்றில்லை. ‘உங்களுக்குத்தான் முதலில்’ என்ற அந்த வார்த்தைக்கே பணம்.

இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. 2022இல் உலக ஆடம்பரச் சந்தையின் விற்பனையில் ஏறத்தாழ 40 சதவீதம் வெறும் 2 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது என்று பெய்ன் நிறுவனம் கணித்தது. அதே ஆண்டு ஷனெல் நிறுவனம், தன் முதன்மை வாடிக்கையாளர்களுக்கென்றே தனிக் கடைகள் திறக்கப்போவதாக அறிவித்தது. அந்த 2 சதவீதத்தைக் கைவிடாமல் வைத்திருப்பதுதான் தொழில்.

எங்கள் மாலை வகுப்பில் படித்த தங்கை ஒருவர் சென்னையில் இப்படியொரு கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். எப்படி நடக்கும் என்று கேட்டோம். ஒவ்வொரு விற்பனையாளரிடமும் ஒரு வாடிக்கையாளர் பதிவேடு உண்டாம். பெயர், பிறந்தநாள், கல்யாண நாள், கால் அளவு, பிடிக்காத நிறம், போன முறை எவ்வளவுக்கு வாங்கினார் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் ‘மேடம், உங்க சைஸ்ல ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்’ என்று போன் போகும். “அவங்க வீட்டு நாய்க்குட்டி பேருகூட எழுதி வெச்சிருக்கோம் அக்கா” என்றார். அந்தச் செருப்பைத் தைத்தவர் பெயர் எங்காவது இருக்குமா என்று கேட்டோம். சிரித்துவிட்டார். அப்படி ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை.

மூடிய கதவு என்றால் நமக்குப் பழைய நினைவுகள் வரும். நம் அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் யாரையும் தடுக்கக்கூடாத இடங்களைச் சொல்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்கும் சொல் ‘கடைகள்’. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டபோது, சேவை அளிக்கும் எந்த இடமும் இதில் அடங்கும் என்ற பரந்த பொருளைத்தான் அண்ணல் அம்பேத்கர் சொன்னார். முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் நாம் நிமிர்ந்து நுழைவதற்குச் சட்டத்தின் துணை அங்கிருந்து வருகிறது.

ஆனால் அந்தப் பிரிவில் ‘பணம்’ என்ற சொல் இல்லை. ஆகவே பிரைவேட் சேல் சட்டப்படி குற்றமில்லை. அதைத் தீண்டாமை என்று அழைக்கவும் நாங்கள் தயாராக இல்லை. அந்தச் சொல்லுக்காக நம் மக்கள் கொடுத்த விலை பெரியது, அதை எல்லாவற்றுக்கும் ஒட்ட முடியாது. பணத்தால் மூடும் கதவு பணத்தால் திறக்கும். சாதியால் மூடிய கதவு எதற்கும் திறக்கவில்லை. இருந்தாலும் தோழர்களே, நிலம் யாரிடம் இருந்தது, மூன்று தலைமுறைப் படிப்பு யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், பணம் நிறைந்த பர்ஸுக்கும் பிறப்புக்கும் உள்ள உறவு புரியும்.

இப்போது மறுமுனைக்கு வாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதியில் உருவாகும் தோலும் காலணியும் ஐரோப்பாவுக்குப் போகின்றன. இந்தத் தொழிலில் உழைப்பவர்களில் பெரும்பகுதி தலித் மக்களும் இஸ்லாமியர்களும். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை வீடுகளுக்கே வருகிறது. இடைத்தரகர் துண்டுகளைக் கொடுத்துப் போவார், பெண்கள் வாசலில் உட்கார்ந்து தைப்பார்கள், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நாங்கள் சந்தித்த பெண்களிடம் நியமனக் கடிதம் இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, ஈஎஸ்ஐ இல்லை. எந்த நிறுவனத்துக்குத் தைக்கிறோம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. வாங்குபவரின் நாய்க்குட்டிக்குப் பதிவேட்டில் இடமுண்டு. தைப்பவருக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அண்மை உதாரணம் கோலாப்பூர் செருப்பு. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தோல் தொழில் செய்யும் தலித் சமூகங்களின் கைவேலை அது. 2019இல் இரு மாநிலங்களின் எட்டு மாவட்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் மிலான் மேடையில் பிராடா நிறுவனம் அதே சாயலில் செருப்பைக் காட்டியபோது, ஊர்ப் பெயரும் சொல்லவில்லை, செய்தவர் பெயரும் சொல்லவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே இந்தியக் கைவினையிலிருந்து எடுத்தது என்று ஒப்புக்கொண்டது. அந்த டிசம்பரில், இரு மாநிலத் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2,000 ஜோடிகளை இங்கேயே செய்து ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கப்போவதாக அறிவித்தது. இது ஒரு வெற்றிதான். ஆனால் அந்த 800 யூரோவில் தைத்தவர் கைக்கு எவ்வளவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ‘பாரம்பரியம்’ என்ற சொல்லால் அதை மூடவிடக்கூடாது. தோலைத் தொட்டதற்காக ஒதுக்கப்பட்டவர்களின் பாரம்பரியம் அது.

நமக்கு அந்த மாலை விருந்துக்கு அழைப்பிதழ் வேண்டாம். பதிவேட்டில் பெயர் வேண்டும். ஃபேஷன், வணிகம் படிக்கும் தம்பி தங்கைகள் வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களிடம் கேளுங்கள்: உங்கள் வீட்டுவேலைத் தையல்காரர்களின் பட்டியல் இருக்கிறதா? ஜோடிக்கு என்ன கூலி? சமூகப்பணி, சமூகவியல் மாணவர்கள் விடுமுறையில் ஆம்பூர்ப் பக்கம் வாருங்கள். தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென்று நலவாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்யாத பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். விண்ணப்பம் நிரப்பவும், ஆவணங்களைச் சேர்க்கவும், அலுவலகத்துக்கு உடன் போகவும் ஆள் வேண்டும். யாருக்காகத் தைக்கிறார் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் நாளைக்கு நம் கையில் ஆதாரமாக இருக்கும்.