கடைசிப் பத்து மீட்டர்

தலைநகருக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர் முதன்முதலில் கற்ற இந்திச் சொற்கள் பெரும்பாலும் வழி கேட்பதற்கானவையாகவே இருந்திருக்கும். எங்கே, எவ்வளவு தூரம், இடப்பக்கமா வலப்பக்கமா என்னும் மூன்றும் கைவசமிருந்தால் கரோல்பாகிலிருந்து இராமகிருஷ்ணபுரம் வரை எப்படியோ போய்ச் சேர்ந்துவிடலாம். நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தேவை இல்லை. கையிலுள்ள தொலைபேசி வழி சொல்கிறது. வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியும் விடுகிறது. இடையிலுள்ள நிலம் மட்டும் அவர்கள் கண்ணில் படாமலே கழிந்துவிடுகிறது. இது என் நெடுநாளைய மனக்குறை. அக்குறையை, வழிகாட்டும் அதே செயற்கைக்கோள்களைத் துணைகொண்டே ஓரளவு தீர்த்துவைத்த ஒரு விளையாட்டைப் பற்றியும், அதற்குரிய கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றியும் சங்க அன்பர்களுக்குச் சில சொல்ல விழைகிறேன்.

ஜியோகேச்சிங் என்பது அதன் பெயர். பிறந்த நாளும் இடமும் ஐயமறத் தெரிந்த விளையாட்டுகள் உலகில் சிலவே; இது அவற்றுள் ஒன்று. அமெரிக்க இராணுவத்தின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அளித்த குறிப்பில் ஒருகாலத்தில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. நூறு மீட்டர் அளவுக்கு இடம் பிசகும். அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி 2000ஆம் ஆண்டு மே 2 அன்று அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டு நகருக்கு அப்பால் பீவர்கிரீக் என்னும் சிற்றூர்ப்புறத்தில், டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதியளவு மண்ணில் புதைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையம் வழியே உலகறிய வெளியிட்டார். வாளிக்குள் நூல், ஒளிநாடா, கவண் முதலியவற்றோடு பீன்ஸ் அடைத்த தகர டப்பா ஒன்றும் இருந்ததாம்! கண்டெடுப்பவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஒரு பொருளை வைக்கவேண்டும். உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதவேண்டும். விதி அவ்வளவே. சில நாட்களுக்குள் ஆட்கள் தேடி வந்து கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகின் எல்லாக் கண்டங்களிலும் இவ்வாறு ஒளித்துவைக்கப்பட்ட பெட்டிகள் உண்டு. நம் நாட்டில் அவை அரிது. ஆதலால் தில்லியில் நாங்கள் நான்கைந்து குடும்பங்கள் எங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிறோம். ஒரு குடும்பம் ஒளிக்கும், மற்றவை தேடும், மாலைக்குள் பெட்டி வீடு திரும்பிவிடும்.

தாம் நிற்கும் இடத்தை எண்ணால் அறிவது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1802ஆம் ஆண்டு பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோடு ஒன்றை அளந்துதான் லாம்டன் தம் நில அளவைப் பெரும்பணியைத் தொடங்கினார். அவர் பயன்படுத்திய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிப் பழுதுபட்டது. அதன் வழிவந்த வேலையைச் செய்யும் கருவி இன்று சட்டைப்பைக்குள் அடங்குகிறது. என்னிடமுள்ள ஈட்ரெக்ஸ் 10, மின்கலம் இரண்டும் சேர்ந்து 150 கிராமுக்கும் குறைவு.

தொலைபேசியிலேயே இவ்வசதி இருக்கத் தனிக்கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஊருக்குள், பூங்காவில், ஒரு மணி நேரம் ஆடுவதற்குத் தொலைபேசியே போதும் என்பேன்; அதற்காகப் பல்லாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை. ஆரவல்லிப் பாறைகளுக்கிடையே அரைநாள் நடப்பவர்க்கு வேறு கணக்கு. திரையை இடைவிடாது எரியவைத்து இடம் பார்த்தால் தொலைபேசி நண்பகலுக்குள் களைத்துவிடும். அதன்பின் வீட்டாரை அழைக்கவும் வழியில்லை. கருவிக்கோ இரண்டு பென்சில் செல் போதும். ஈட்ரெக்ஸ் 10 அவற்றைக்கொண்டு சுமார் 25 மணி நேரம் உழைக்கும். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் அச்செல்லைப் போட்டுக்கொள்ளும் கருவியையே நான் பரிந்துரைப்பேன். மறுமுறை மின்னேற்றும் செல்லாயின், கருவியின் அமைப்பில் அவ்வகையைக் குறிப்பிட்டுவிட வேண்டும். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட் மட்டுமே ஆதலால், குறிப்பிடாவிட்டால் மின்கலம் தீரப்போகிறது என்று கருவி வீணே அச்சுறுத்தும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது திரை. கடையின் நிழலில் எல்லாத் திரையும் அழகாகவே இருக்கும். வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்க்கவேண்டும். வெயில் ஏற ஏறத் தெளியும் திரைகள் இக்கருவிகளில் உண்டு. தொலைபேசியின் திரையோ வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். நிலப்படம், கேமரா என்று விற்பவர் அடுக்குவதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்த விளையாட்டுக்குத் திசை காட்டும் அம்புக்குறி ஒன்றும் மீட்டர் எண்ணிக்கை ஒன்றும் போதும்.

அந்த அம்புக்குறியில்தான் ஒரு நுட்பம் உள்ளது. எளிய கருவிகளில் காந்தத் திசைகாட்டி இராது. நாம் நடந்தால்தான், சற்றுமுன் எங்கிருந்தோம், இப்போது எங்கிருக்கிறோம் என்பதைக்கொண்டு கருவி திசையைக் கணிக்கும். நின்றுவிட்டாலோ நம் முகம் எப்பக்கம் என்பது அதற்குத் தெரியாது. அம்பு பித்துப்பிடித்தாற்போல் சுற்றும். குழந்தைகள் கருவி கெட்டுவிட்டது என்று கலங்குவது இவ்விடத்தில்தான். விலை கூடிய ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் போன்றவற்றில் நின்றபடியே திசை காட்டும் அமைப்பு உள்ளது. ஆயினும் மின்கலம் மாற்றும்போதெல்லாம் அதைச் சுழற்றிச் சரிசெய்தல் நலம். எங்களுக்கு எளியதே போதுமாயிருந்தது. அம்பு சுற்றத் தொடங்கினால் பத்தடி நடந்துவிடுகிறோம்.

வெளிநாட்டிலிருக்கும் மக்களிடம் கருவி வாங்கிவரச் சொல்பவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். செயற்கைக்கோள் குறிப்பைக் கேட்க மட்டும் செய்யும் கருவி வேறு; செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் வல்ல கருவி வேறு. பின்னதைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி நம் நாட்டில் வைத்திருத்தல் குற்றம்; அறியாது கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டதும் உண்டு. கார்மின் நிறுவனத்தின் ஜி.பி.எஸ்.மேப் 67 கேட்க மட்டுமே செய்வது. 67ஐ என்பது செய்தியும் அனுப்புவது. எண்ணுக்குப் பின் வரும் 'ஐ' என்னும் அந்த ஓர் எழுத்தைப் பெட்டியின்மேல் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். அமெரிக்காவிலுள்ள பிள்ளை, ஆபத்துக்கு உதவும் என்று அப்பா மேலுள்ள அன்பினால் அதைத்தான் தேர்ந்தெடுப்பான்!

கடல் கடந்து வந்த கருவி முதல் நாள் சற்றுத் திகைக்கும். விண்ணில் எந்தக் கோள் எங்குள்ளது என்னும் பஞ்சாங்கம் அதன் நினைவில் பழையதாயிருக்கும். புதிய பஞ்சாங்கம் முழுவதையும் கோளிடமிருந்து பெற 12½ நிமிடம் ஆகும். திறந்த மொட்டைமாடியில் அதை வைத்துவிட்டு ஒரு காப்பி அருந்தி வரலாம். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய குறிப்பு அது. குறைந்தது நான்கு கோள்களிடமிருந்து வந்தாலன்றி இடம் தெரியாது. குறிப்பு வந்துசேரும் நேரத்தைக் கொண்டே தூரம் கணிக்கப்படுகிறது. ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினால் 30 சென்டிமீட்டர் தவறும்.

எண்களை உள்ளிடும் முறையிலும் கவனம் தேவை. இவ்விளையாட்டில் பாகையும் நிமிடமும், நிமிடத்தின் ஆயிரத்தில் பங்குகளும் எழுதப்படும். 28 பாகை 31.500 நிமிடம் என்பதைக் காண்போர் சிலர் 31 நிமிடம் 50 விநாடி என்று படித்துவிடுவர். அரை நிமிடம் 30 விநாடியே அன்றோ? அந்த 20 விநாடி வேறுபாடு நம்மை 600 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்விடும். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகரும். கிழக்கு மேற்காகத் தில்லியில் சுமார் 1.6 மீட்டர். இன்னொன்று: இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்கள் எவரெஸ்ட் வகுத்த பூகோள வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை; கருவி பின்பற்றுவது டபிள்யு.ஜி.எஸ். 84 என்பதை. பழைய படத்தில் பார்த்த எண்ணை மாற்றாமல் உள்ளிட்டால், தில்லியில் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்போம்.

எல்லாம் சரியாய்ச் செய்தபின்னும் திறந்த வெளியில் நான்கைந்து மீட்டர் பிழை இருக்கும்; மரத்தடியில், பாறையோரத்தில் இன்னும் கூடும். ஒளித்தவர் கருவிக்கும் அப்பிழை உண்டு, தேடுபவர் கருவிக்கும் உண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்தால் பத்து மீட்டர். ஒளிப்பவர் ஒரே இடத்தில் சில நிமிடம் நின்று சராசரி காணலாம். கோள்கள் இடம் மாறியபின், ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடியும் அளந்தால் இன்னும் நன்று. எனினும் கருவி நம்மைச் சேர்ப்பிப்பது ஒரு வட்டத்துக்குள்ளேதான். விலை உயர்ந்த கருவி வாங்கினால் பெட்டியின் மூடிமேலேயே கொண்டுபோய் நிறுத்தும் என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

என் பேத்திக்கு வயது பதினொன்று. தில்லியை மெட்ரோ நிலையங்களின் வரிசையாகவே அறிந்தவள். மெஹ்ரௌலியை அடுத்த சஞ்சய் வனத்தில் ஒரு தை மாதக் காலையில் கருவி அவளிடம் 8 மீட்டர் என்றது, பிறகு 3, பிறகு 11, மீண்டும் 6. மேலே முள்மரங்களின் கூரை. அப்பால் இராய் பிதோராக் கோட்டையின் சிதைந்த மதில். குறிப்புகள் மரத்தில் தேய்ந்தும் கல்லில் பட்டுத் தெறித்தும் வந்தால் எண் நிலைகொள்ளாது. அவள் கருவியை உதறினாள். தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள். "தாத்தா, இது பொய் சொல்லுது" என்று முறையிட்டாள். "அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் கண்ணு. பைக்குள்ளே போட்டுட்டு நீ பாரு" என்றேன்.

அதன்பின் அரைமணி நேரம் அவள் பார்த்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கல் புரண்டிருக்கிறது, எந்தச் சருகு வேறு நிறமாயிருக்கிறது, நீலான் மானின் குளம்படி எது, மனிதரின் செருப்படி எது என்று மண்ணோடு மண்ணாய்க் குனிந்து தேடினாள். அந்த முள்மரம் எது என்று கேட்டாள். தில்லியின் மேட்டுக்காடு முழுவதும் பரவிக்கிடக்கும் அது நம் சீமைக்கருவேலமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே கொண்டுவந்து நட்டது. இராமநாதபுரத்துக் கண்மாய்களில் நான் காலில் தைத்துக்கொண்ட அதே முள். இங்குள்ளோர் அதை விலாயதி கீக்கர் என்பர். "அதுவும் வெளியூரா?" என்றாள். ஒரு வேரின் பொந்துக்குள், கல்லொன்று அடைத்த இடத்தில் பெட்டி இருந்தது. கருவி காட்டிய இடத்திலிருந்து ஒன்பது தப்படி.

பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். முதலில் எவர்சில்வர் டிபன் டப்பாதான் எடுத்தார்கள்; நான் மறுத்துவிட்டேன். 1985 மே மாதத்தில் டிரான்சிஸ்டர் பெட்டிகளில் குண்டு வைத்து இந்நகரில் உயிர்களைக் கொன்றதை என் தலைமுறை மறக்கவில்லை. கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர் என்னும் அறிவிப்பைக் கேட்டே நம் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். ஆரிகன் காட்டில் ஒரு வாளியைப் புதைப்பதும் தில்லியில் ஓர் உலோகப் பெட்டியைப் பொந்தில் வைப்பதும் ஒன்றாகமாட்டா. எனவே உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா. மேலே இந்தியிலும் ஆங்கிலத்திலும் இது விளையாட்டுப் பெட்டி என்ற குறிப்பும் தொலைபேசி எண்ணும். ஒளித்தவர்களில் ஒருவர் பார்வைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்திருப்பார். சந்தை, இரயில் பாதை, நினைவுச்சின்னம், படைப்பிரிவு நிலம் ஆகியவற்றின் அருகே போவதேயில்லை. வாயிற்காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

அன்று அக்காவலர் சிறிது நேரம் எங்களை நோட்டமிட்டுவிட்டு, கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிகார் மாநிலத்தவர். "பாபூஜி, எங்கள் கிராமத்தின் எண் இதில் வருமா?" என்று வினவினார். வரும் என்றேன். பேத்தி அவரிடம் குறிப்பேட்டையும் பேனாவையும் நீட்டினாள். எங்கள் தமிழ்ப் பெயர்களுக்குக் கீழே அவர் தம் பெயரை இந்தியில் நிதானமாக எழுதினார். அதன் பக்கத்தில் ஊரின் பெயரையும் எழுதினார். பேத்தி அதைப் பார்த்துவிட்டு, ஏட்டைத் திரும்ப வாங்கித் தன் பெயருக்குப் பக்கத்தில் என்ன ஊர் எழுதுவது என்று என்னைக் கேட்டாள். நான் சொல்வதற்குள் அவளாகவே எழுதிவிட்டாள்: சஞ்சய் வனம், வடக்குப் பாதை, மூன்றாவது பாறை.