உறுமுகிற நாயை ஏன் அடிக்கக் கூடாது?

ஏட்டையாவிடம் நாய்ப் பயிற்சி கற்கச் சேர்ந்த புதிதில் என் கையில் அவர் செயினையே கொடுக்கவில்லை. காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். மதுரையில் அண்ணா நகர், கே.கே. நகர்ப் பக்கம் நாய் வளர்க்கிற வீடுகளில் அவருக்குப் பெயரே ஏட்டையாதான். "ஓரமா உட்கார்ந்து பாரு தம்பி. பார்த்ததச் சொல்லு, நெனச்சதச் சொல்லாத" என்றார். அதுதான் முதல் பாடம்.

கேட்க எளிதாக இருந்தது. ஆனால் "அந்த நாய் கோபமா இருக்கு ஏட்டையா" என்றால் தலையை ஆட்டிவிடுவார். அது நான் நினைத்தது. வாய் இறுக மூடியிருக்கிறது, உடம்பின் எடை முன்னங்காலுக்கு வந்திருக்கிறது, வால் மேலே விறைத்து நுனி மட்டும் துடிக்கிறது, கண்ணின் வெள்ளை தெரிகிறது என்று சொன்னால்தான் நான் பார்த்தது. வால் ஆட்டுகிற நாயெல்லாம் நட்பு நாய் இல்லை. உடம்பு முழுக்கத் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் குஷி. உடம்பு விறைத்து வால் மட்டும் ஆடினால் விலகி நிற்க வேண்டும். சூழ்நிலைக்குப் பொருந்தாமல் கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'எனக்கு இது வேண்டாம்' என்று நாய் சொல்கிற விதங்கள். அதையும் கேட்காவிட்டால் அசையாமல் நிற்கும், உறுமும், அப்புறம்தான் பல். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றைப் பயன்படுத்தாமல் தப்பிக்கத்தான் பெரும்பாலான நாய்கள் இத்தனை பாடு படுகின்றன.

இந்தப் பாடம் முழுசாகப் புரிந்தது மணியைப் பார்த்த பிறகுதான். மணி ஆறு வயது லேப்ரடார், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் செல்லம். தெருப் பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் படுத்திருப்பான். பக்கத்து வீட்டு நாட்டுநாய் ஜிம்மியும் அவனும் குட்டியிலிருந்தே ஒன்றாக விளையாடியவர்கள். ஒருநாள் கேட்டருகே ஜிம்மி வழக்கம்போல ஓடிவந்து மேலே தாவியதும், மணி அதன் கழுத்தைக் கவ்விவிட்டான். "இத்தனை வருஷத்துல ஒரு தடவை உறுமினது கிடையாது. திடீர்னு இப்படிப் பண்ணிட்டான்" என்று டீச்சர் குரல் உடையச் சொன்னார். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை. மல்லாக்கப் போட்டு அமுக்கி 'நான்தான் தலைவன்' என்று காட்டச் சொன்னார் ஒருவர்.

இந்தத் தலைவன் கதைக்கு வேர் ஓநாய் ஆராய்ச்சியில் இருக்கிறது. ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் 1947இல் வெளியிட்ட ஆய்வு, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றியது. அந்தக் கருத்தை 1970இல் தன் புத்தகத்தின் மூலம் பரவலாக்கிய டேவிட் மீச், காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்தபின் 1999இல் தானே திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம். அங்கே சண்டை போட்டு யாரும் தலைவர் ஆவதில்லை. ஏட்டையா இதையெல்லாம் படித்தவர் இல்லை. "வலியில இருக்கிறவன அமுக்கிப் போட்டா என்ன செய்வான்? கடிப்பான்" என்று முடித்துவிட்டார்.

வலி என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? டீச்சரிடம் அவர் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிப் படுக்கிறான், எப்படி எழுந்திருக்கிறான், மாடிப்படி ஏறுகிறானா, தரை மொசைக்கா டைல்ஸா என்றுதான் கேட்டார். பிறகு என் போனில் மணி நடப்பதைப் படம் பிடிக்கச் சொன்னார். அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, வெறும் கண்ணுக்குத் தெரியாதது தெரிந்தது. உட்காரும்போது வலது பின்னங்காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டான். எழும்போது முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு எழுந்தான். ஓடும்போது பின்னங்கால் இரண்டும் முயலுக்குப் போலச் சேர்ந்தே எழும்பின. தெருமுனையில் ஜிம்மியின் குரல் கேட்டதும் தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடியது. கழுத்து ஒரு கணம் அசையவில்லை. அவ்வளவுதான். உறுமல் இல்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான்.

கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் தேய்ந்திருந்தது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய சாதிகளில் இது அடிக்கடி வருவது. மருத்துவர் வலிக்கு மருந்து எழுதினார், எடையைக் குறைக்கச் சொன்னார். தயிர் சாதத்துக்கும் பிஸ்கட்டுக்கும் டீச்சர் தடை போட்டார். வழுக்குகிற டைல்ஸ் மீது சாக்கு விரித்தார். ஒன்றை மருத்துவர் அழுத்திச் சொன்னார்: நாம் சாப்பிடுகிற பாரசிட்டமால், இபுப்ரூஃபன் மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்துவிடக் கூடாது, உயிருக்கே ஆபத்து.

சாதுவான நாய் சட்டென்று மாறினால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்பது அன்றிலிருந்து எனக்கு விதி. காதில் சீழ், பல் வலி, கண் மங்குவது, உண்ணிக் காய்ச்சல் என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சாது நாய் காரணமில்லாமல் கடிப்பது, தண்ணீர் விழுங்க முடியாமல் எச்சில் வடிப்பது, குரல் மாறுவது எல்லாம் வெறிநோயின் அடையாளங்களாகவும் இருக்கலாம். தடுப்பூசிச் சீட்டைப் பார்க்காமல் ஏட்டையா எந்த நாயையும் தொடமாட்டார்.

வலி குறைந்தது. ஆனால் ஜிம்மியைக் கண்டால் மணி விறைப்பது போகவில்லை. ஜிம்மி வந்தால் வலிக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. இங்கேதான் பயிற்சியாளனுக்கு வேலை. மணியும் நானும் தெருவின் இந்தக் கோடியில். ஜிம்மியும் அதன் வீட்டுக்காரரும் அந்தக் கோடியில். ஜிம்மி கண்ணில் பட்ட உடனே மணிக்கு வேகவைத்த கோழி ஈரல். ஜிம்மி சுவருக்குப் பின்னே மறைந்ததும் ஈரலும் நின்றுவிடும். வரிசை மாறக் கூடாது: முதலில் ஜிம்மி, பிறகு ஈரல். ஈரல் முந்திவிட்டால், ஈரலைப் பார்த்தாலே 'ஆபத்து வரப்போகிறது' என்று நாய் நினைத்துக்கொள்ளும். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று பள்ளியில் படித்த பாவ்லோவ் பாடமேதான் இது.

மணி ஈரலை வாங்காமல் வெறித்துப் பார்த்தால் தூரம் போதவில்லை என்று பொருள். திட்டாமல் இன்னும் பின்னே போக வேண்டும். கயிறு தளர்வாக இருக்க வேண்டும். நாம் பயந்து கயிற்றை இறுக்கினால் அந்த இறுக்கம் நாய்க்குப் போய்விடும். "கழுத்தப் பாக்காத, ஒன் மணிக்கட்டப் பாரு" என்று ஏட்டையா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். தூரம் குறைந்த பிறகு இரண்டையும் நேருக்கு நேர் கொண்டுபோகவில்லை. வண்டியூர் கண்மாய்ப் பக்கம் ஒரே திசையில், இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாக நடத்தினோம். முகத்துக்கு முகம் வருவதை நாய்கள் சவாலாக எடுத்துக்கொள்ளக்கூடும்; வளைந்து வந்து வாலருகே முகர்வதுதான் அவற்றின் மரியாதை. முகர்ந்ததும் ஓரிரு நொடியில் கூப்பிட்டுவிட வேண்டும்.

பதற்றம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் என்பதையும் ஏட்டையாவிடம்தான் கற்றேன். தீபாவளி வெடியில் இரவெல்லாம் தூங்காத நாய், மறுநாள் சின்ன உரசலுக்கும் பாயும். மார்கழியில் பருவத்துக்கு வந்த பெட்டையின் வாசம் அடிக்கிற தெருவில் ஆண் நாயைக் கூட்டிப்போனால் வம்புதான். அந்த நாள்களில் பயிற்சியே வேண்டாம், வீட்டில் மெல்ல ஓர் எலும்பு பொம்மை போதும் என்பார்.

சண்டை மூண்டுவிட்டால்? கழுத்துப் பெல்ட்டில் கை வைக்காதீர்கள். அந்த வேகத்தில் நாய்க்கு யார் கை என்று தெரியாது. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசலாம், தட்டைத் தட்டிப் பெரிய சத்தம் எழுப்பலாம், இரண்டுக்கும் நடுவே பலகையைச் செருகலாம், மேலே கனமான போர்வையைப் போடலாம். ஒரு நாய் கவ்விப் பிடித்திருக்கும்போது மற்றதை இழுத்தால் சதை கிழியும். பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுக்கிற முறையும் உண்டு. அதற்கு இரண்டு பேர் வேண்டும், பழக்கமும் வேண்டும், மணி மாதிரி இடுப்பு நோவுள்ள நாய்க்கு அது ஆகவே ஆகாது. பிரித்த பிறகு இரண்டையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல் இறங்கிய காயம் வெளியே சிறு துளையாகத் தெரியும், உள்ளே சதை நசுங்கியிருக்கும். மனிதர் கையில் பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடுகிற தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நான்கு நாள்கள், இடையில் விட்டுவிடாதீர்கள். காயத்தைப் பொறுத்து வேறு ஊசியும் தேவைப்படலாம்.

மணியும் ஜிம்மியும் இப்போது சேர்ந்து நடக்கின்றன. பழைய மாதிரி உருண்டு விளையாடுவதில்லை. டீச்சருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். "ரெண்டும் நிம்மதியா நடக்குதுல்ல டீச்சர், அது போதும்" என்றார் ஏட்டையா. எல்லா நாயும் எல்லா நாயோடும் சிநேகமாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நாய் வளர்ப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உறுமுகிற நாயை அடிக்காதீர்கள். அடித்தால் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். உறுமினால் அங்கிருந்து விலக்கிக் கூட்டிப்போங்கள். எப்போது, எதைப் பார்த்து, எப்படி நின்றது என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்போடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியாளரைத் தேடுவது அதற்குப் பிறகு.