சருகு நெருப்பு

காட்டில் புகை தெரிந்தால் அணைக்க வேண்டும். நகரத்தில் வளர்ந்த யாருக்கும் இதில் சந்தேகம் வராது. எனக்கும் வந்ததில்லை. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் ஒரு சோலிகர் பெரியவர் கேட்டார்: “வருஷா வருஷம் குப்பையைக் கூட்டாத வீடு என்ன ஆகும் தம்பி?”

பெங்களூரு ஐடி ஆட்களுக்கு அது வார இறுதி மலை. சோலிகர்களுக்குப் பல தலைமுறை வீடு. அங்கே அவர்கள் வைத்த தீக்கு ‘தரகு பெங்கி’ என்று பெயர். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. ஜனவரி, பிப்ரவரியில், கோடை முற்றுவதற்கு முன், மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போது வைப்பார்கள். சருகும் காய்ந்த புல்லும் எரியும். தீ தரையோடு தவழ்ந்து போகும். பெரிய மரங்களுக்கு அடிப்பட்டை கருகும், உயிர் தப்பிவிடும். அதே சருகு ஏப்ரல் வரை சேர்ந்து கிடந்து ஒரு பீடித் துண்டில் பற்றினால் கதையே வேற. எப்போது எரிகிறது, எவ்வளவு சேர்ந்த பிறகு எரிகிறது, இந்த இரண்டில்தான் வித்தியாசம்.

அந்தத் தீக்கு வேறு வேலைகளும் இருந்தன என்கிறார்கள் சோலிகர்கள். லாண்டானா என்கிற உண்ணிச்செடியை அது கன்றிலேயே பொசுக்கியது. நெல்லி மரத்தில் தொற்றும் புல்லுருவியை அடக்கி வைத்தது. நெல்லிக்காய் அவர்களுக்கு வருமானம்.

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் தீ வைப்பதைத் தடை செய்தது. 1974-ல் அந்த மலை சரணாலயம் ஆனது. தரகு பெங்கி நின்றுபோனது. ஆய்வாளர்கள் 1997-ல் அந்தக் காட்டில் பார்த்த இடங்களில் 41 சதவீதத்தில் உண்ணிச்செடி இருந்தது. 2008-ல் 81 சதவீதத்தில். இதற்குத் தீத்தடை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் தீ என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று, வைத்தவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என் தொழிலிலும் இது நடக்கும். ஒரு சர்வரில் தினமும் நள்ளிரவு ஒரு பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. யார் எழுதியது, எதற்கு, ஒருத்தருக்கும் தெரியாது. புதிதாக வந்த மேனேஜர் நிறுத்தச் சொன்னார். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது மாதம் டிஸ்க் நிரம்பி எல்லாம் படுத்துவிட்டது. பழைய லாக்குகளை அழிப்பதுதான் அதன் வேலையாம். திரும்ப ஓடவிட்டோம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

காட்டில் அந்த வசதி இல்லை. ஆளுயரம் தாண்டி நிற்கும் உண்ணிப்புதரில் இப்போது தீ வைத்தால் அது தரையில் தவழாது. புதரைப் பிடித்து மரத்தின் தலைக்கு ஏறும். எரிந்த உண்ணியும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். முதலில் வெட்டி, வேரோடு பிடுங்கி, அப்புறம்தான் சின்னத் தீயைப் பற்றி யோசிக்கவே முடியும்.

2011-ல் சோலிகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. தேன் எடுக்கலாம், நெல்லி பறிக்கலாம். தீ வைக்க முடியாது. எந்தச் சரிவில், எந்தக் காற்றில், எந்த வாரம் என்கிற கணக்கு ஆட்களிடம்தான் இருக்கிறது. 1974-ல் இருபது வயதில் தீ வைத்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.