போவாரா, இருப்பாரா?

எங்கள் வீட்டில் ஒரு பழைய 555 புத்தகம் இருக்கிறது. மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான். ஆனால் அதில் கடன் கணக்கு இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்றில் என் மகளின் கணிப்பு, மற்றொன்றில் என்னுடையது. தோற்றவர் ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

மகள் இடைநிலைப்பள்ளியில் கூடைப்பந்து ஆடியவள். நான் கிள்ளானில் ஏர்கோன் பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருப்பவன். பந்தைத் தொட்டதுகூட இல்லை. அவளைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கப் போய் எனக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஆனால் ஆட்டத்தைவிட எனக்கு அதிகம் பிடித்தது, ஆட்டமே இல்லாத ஜூலை மாதம்.

ஜூன் மாதத்தில் என்பிஏ பருவம் முடிந்துவிடும். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அதன்பின் தாங்கள் விரும்பும் அணியோடு பேசிச் சேரலாம். இதைத்தான் ‘ஃபிரீ ஏஜென்சி’ என்கிறார்கள். இப்போதெல்லாம் நம் நேரப்படி ஜூலை 1, காலை 6 மணிக்குக் கதவு திறக்கிறது. 2019க்கு முன்பு நண்பகல் 12 மணிக்குத் திறந்தது. எந்த நட்சத்திரம் எந்த ஊருக்குப் போவார் என்று உலகமே அன்று ஊகம் பேசும். எங்கள் வீட்டில் 555 புத்தகம் வெளியே வரும்.

அந்த ஊகத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எனக்கு மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. இன்றைய முறை 1984-85 பருவத்தில் தொடங்கியபோது அது 3.6 மில்லியன் டாலர். 2018-19 பருவத்தில் 101.9 மில்லியன் டாலர். வரம்புக்குள் இடம் வைத்திருக்கும் அணிதான் வெளியாளைப் பெரிய சம்பளத்துக்கு இழுக்க முடியும். ஆனால் தன் சொந்த வீரரைத் தக்கவைக்க ஓர் அணி வரம்பைத் தாண்டலாம். லேரி பேர்ட் என்ற பாஸ்டன் வீரரின் பெயரால் அந்த விதியை அழைக்கிறார்கள்.

“வெளியே போனா நாலு வருஷத்துக்குத்தான் கையெழுத்து போட முடியும். சொந்த டீம் அஞ்சு வருஷம் கொடுக்கலாம். வருஷா வருஷம் சம்பளத்தையும் கூடுதலா ஏத்தலாம். அப்படியும் ஒருத்தர் போறார்னா, காசு மட்டும் காரணம் இல்லப்பா. வேற என்னமோ குறையுது,” என்றாள்.

நான் தலையாட்டிக்கொண்டேன். ஆனாலும் எல்லாப் பெயருக்கும் எதிரே ‘இருப்பார்’ என்றே எழுதினேன். எனக்குப் பிடித்தவர் டெர்க் நோவிட்ஸ்கி. ஜெர்மனியிலிருந்து வந்து, பெரிய சம்பளத்தை விட்டுக்கொடுத்தும் டாலஸ் அணியிலேயே 21 பருவங்கள் ஆடியவர். மனிதன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

2016இல் முதல் அடி விழுந்தது. ஓக்லஹோமா அணியின் கெவின் டுரண்ட் இருப்பார் என்று எழுதியிருந்தேன். ஜூலை 4ஆம் தேதி, கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். அந்தப் பருவத்தில் அவருடைய அணி 3-1 என்று முன்னிலையில் இருந்தபோது, மீண்டு வந்து தோற்கடித்த அதே அணி! புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் சம்பள வரம்பு அந்த ஆண்டு 70 மில்லியனிலிருந்து 94 மில்லியனுக்குத் தாவியதால்தான் அவரை வாங்க இடம் கிடைத்தது. “நன்றி கெட்டவன்” என்றேன். மகள் ஒன்றும் சொல்லாமல் ரொட்டி சானாய்க்குக் கையை நீட்டினாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே வார்த்தையை எங்கள் கடைத் தம்பியைப் பார்த்துச் சொன்னேன்.

எஸ்பிஎம் முடித்த கையோடு 19 வயதில் என்னிடம் வந்தவன். ஏணியைப் பிடிப்பதிலிருந்து, செம்புக் குழாயைப் பற்றவைப்பதுவரை நான் சொல்லிக் கொடுத்தேன். ஏழு ஆண்டுகளில், கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். வாடிக்கையாளர்கள் “அந்தத் தம்பியையே அனுப்புங்க” என்று கேட்பார்கள். இரண்டு முறை சம்பள உயர்வு கேட்டான். வியாபாரம் மந்தம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றேன். “உன்னை வேலைக்காரன் மாதிரியா வெச்சிருக்கேன்? வீட்டுப் பிள்ளை மாதிரிதானே” என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்கு அது உண்மையாகவே பட்டது.

2018 ஜூன் 30, சனிக்கிழமை, சம்பள நாள். காசை எண்ணி வாங்கிக்கொண்டவன், “அண்ணே, இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்” என்றான். ஷா ஆலாமில் கட்டடப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. 900 வெள்ளி கூடுதல், மருத்துவ அட்டை உண்டு. மனைவிக்கு ஐந்தாவது மாதம். அவன் சொன்ன காரணம் எதுவும் என் காதில் ஏறவில்லை.

மறுநாள் ஞாயிறு நண்பகல், ஃபிரீ ஏஜென்சி தொடங்கியது. அந்த ஆண்டு எல்லாருடைய கேள்வியும் ஒன்றுதான். லெப்ரோன் ஜேம்ஸ் கிளீவ்லாந்தில் இருப்பாரா, போவாரா? மகள் ‘லேக்கர்ஸ்’ என்று எழுதினாள். நான் ‘இருப்பார்’ என்று அழுத்தி எழுதினேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. புலனத்தில் தம்பிக்கு நீண்ட செய்தி ஒன்று தட்டினேன். தொழில் சொல்லிக் கொடுத்தவனின் தோளில் ஏறி மிதித்துப் போகிறாய் என்றேன். நீ இல்லாவிட்டால் என் கடை மூடிவிடாது என்றேன். ஆறு மாதத்தில் நீயே வந்து கதவைத் தட்டுவாய் என்றேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இல்லை.

திங்கள் காலை 8 மணி வாக்கில் செய்தி வந்தது. லெப்ரோன், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போகிறார். நான்கு ஆண்டுகள், ஏறக்குறைய 153 மில்லியன் டாலர். பள்ளியிலிருந்து வந்த மகளிடம், “ரெண்டு பேரும் போயிட்டாங்க” என்று சொல்லி, தம்பிக்கு அனுப்பிய செய்தியையும் காட்டினேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

படித்துவிட்டு, “அப்பா, இது கிளீவ்லாந்து முதலாளியோட கடிதம் மாதிரியே இருக்கு” என்றாள்.

அந்தக் கதையை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். லெப்ரோன் பிறந்தது கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள ஏக்ரன். 2003இல் அந்த அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஏழு பருவங்கள் ஆடினார். 2010 ஜூலை 8ஆம் தேதி, தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சியே வைத்து, மயாமிக்குப் போகிறேன் என்றார். ஊர்க்காரர்கள் அவருடைய சட்டையைத் தெருவில் கொளுத்தினார்கள். அணியின் உரிமையாளர் டேன் கில்பர்ட் அன்றிரவே காட்டமான பகிரங்கக் கடிதம் எழுதினார். ஊரைக் கைவிட்டவர் என்று சாடியதோடு, அவருக்கு முன்பே கிளீவ்லாந்து கோப்பையை வெல்லும் என்று உறுதியும் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் பேசியவற்றையும் சேர்த்து என்பிஏ அவருக்கு 100,000 டாலர் அபராதம் போட்டது.

நடந்தது வேறு. லெப்ரோன் 2012, 2013 இரண்டு ஆண்டும் மயாமியில் கோப்பையைத் தூக்கினார். 2014 ஜூலை 11ஆம் தேதி, ஒரு விளையாட்டு ஏட்டில் வந்த கட்டுரையின் வழியே, ஊருக்குத் திரும்புவதாகச் சொன்னார். முதலாளியை நேரில் பார்த்துப் பேசிவிட்டேன், தவறு என் பக்கமும் இருந்தது என்ற தொனியில் அதை எழுதியிருந்தார். 2016இல், 73 ஆட்டங்களை வென்று வந்த கோல்டன் ஸ்டேட்டிடம் 3-1 என்று பின்தங்கியிருந்த நிலையிலிருந்து கிளீவ்லாந்து கோப்பையை வென்றது. அந்த ஊரின் முக்கிய விளையாட்டுக் குழு ஒன்று கோப்பையைத் தொட்டு அப்போது 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.

“இப்ப ரெண்டாவது தடவையும் போயிட்டார். அதே முதலாளி இன்னிக்கு என்ன எழுதியிருக்கார் பாருங்க” என்று கைப்பேசியை நீட்டினாள். நன்றி சொல்லி, அவருடைய 23ஆம் எண் சட்டைக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்துச் சிறப்பிப்போம் என்று எழுதியிருந்தார். எட்டு ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் எழுதிய இரண்டு கடிதங்கள். நான் முதல் கடிதத்தை எழுதியிருந்தேன்.

அன்றிரவு என் அப்பாவின் நினைவு வந்தது. காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுபதுகளில், துறைமுகத்தில் வேலை இருக்கிறது வா என்று நண்பர் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். கூலியும் கூடுதல். அப்பா போகவில்லை. விசுவாசத்தால் அல்ல. வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். ஆறு பேர் எங்கே படுப்பது? பின்னாளில் தோட்டத்தை விற்றபோது, எங்களைக் காலி செய்யச் சொல்ல ஒரு தாள் போதுமாக இருந்தது.

அதே காலத்தில்தான் அமெரிக்காவில் ஓஸ்கார் ராபர்ட்சன் வழக்குப் போட்டார். அதுவரை, ஓர் அணி எடுத்த வீரர், ஒப்பந்தம் முடிந்தாலும் அந்த அணிக்கே உரியவர். அணி அவரை விற்கலாம், அவர் அணியை விட முடியாது. வீரர் சங்கத் தலைவராக இருந்த ராபர்ட்சன் 1970இல் நீதிமன்றம் போனார். 1976இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. அவரோ 1974இலேயே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். முழுச் சுதந்திரத்தோடு முதன்முதலில் அணி மாறியவர் டோம் சேம்பர்ஸ், 1988இல், சியாட்டலிலிருந்து பீனிக்ஸுக்கு. கோடிகளில் சம்பளம் வாங்குபவரையும் பால்வாளி தூக்கியவரையும் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் ‘வேறு இடம் போகிறேன்’ என்று சொல்லும் உரிமையை இருவருக்குமே யாரும் சும்மா கொடுக்கவில்லை.

விசுவாசம் பேசும் இடத்தில் மகள் இன்னொரு பெயரையும் சொன்னாள். ஐசேயா தோமஸ். 2017 ஏப்ரலில் அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்த மறுநாளே பாஸ்டனுக்காக ஆடினார். இடுப்புக் காயத்தோடும் ஆடினார். ஆகஸ்டில் அந்த அணி அவரைக் கிளீவ்லாந்துக்கு மாற்றிவிட்டது. லெப்ரோன் 153 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்ட அதே 2018 ஜூலையில், தோமஸுக்கு டென்வர் அணியில் கிடைத்தது குறைந்தபட்சச் சம்பளம். உடம்பு நன்றாக இருக்கும்போது போகாதவனுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நானே ஒரு காலத்தில் போனவன்தானே? 1996இல் நான் வேலை பார்த்த சீன தௌக்கேயிடம், சீனப் பெருநாள் போனஸை வாங்கிக்கொண்டு, சொந்தக் கடை வைக்கப் போகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய், தாம் புழங்கிய கேஸ் மீட்டரை எடுத்து வந்து கொடுத்தார். “ஜாகா டிரி” என்றார். அவ்வளவுதான். அந்த மீட்டர் இன்னும் என் கடைச் சுவரில் தொங்குகிறது. தினமும் பார்த்தும் நான் பார்க்கவில்லை.

உடனே தம்பியைக் கூப்பிட்டேன் என்று எழுத ஆசைதான். கூப்பிடவில்லை. கௌரவம் தடுத்தது. தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு அவன் வீட்டுக்குப் போக நான்கு மாதங்கள் ஆயின. கதவைத் திறந்தவன் ஒரு கணம் நின்றான். பிறகு “வாங்கண்ணே” என்றான். “நான் எழுதினது தப்பு தம்பி. சம்பளம் கொடுக்க வேண்டிய இடத்துல பாசத்தைப் பேசிட்டேன்” என்றேன். அவன் தரையைப் பார்த்தான். “நானும் ஒரு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கணும்ணே” என்றான். தௌக்கே கொடுத்த மீட்டரை எடுத்துப் போயிருந்தேன். வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டான். “அண்ணே, இது ஆர்-22 கேஸுக்கு. இப்ப வர்ற மெஷினுக்கு ஆகாது. எனக்கு டிஜிட்டல் கொடுத்திருக்காங்க.” இருவரும் சிரித்தோம். மீட்டர் மறுபடி என் சுவருக்கே வந்துவிட்டது.

அவன் திரும்பி வரவில்லை. நல்ல நிலையில் இருக்கிறான். இப்போது என் கடையில் இருக்கும் இரு பிள்ளைகளிடமும் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்திலேயே உட்கார்ந்து பேசிவிடுகிறேன். என்னால் முடிந்தது இவ்வளவு, வெளியே இதைவிட நல்லது கிடைத்தால் சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறேன். வீட்டுப் பிள்ளை என்ற வார்த்தையைச் சொல்வதில்லை.

555 புத்தகம் தொடர்கிறது. 2019இல் டொரோண்டோவுக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்த காவாய் லெனர்டுக்கு, அவர் இருந்தால் இலவசச் சாப்பாடு என்று உணவகங்கள்கூட அறிவித்தன. நானும் ‘இருப்பார்’ என்று எழுதினேன். அவர் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். ஆனால் அந்த முறை நான் யாரையும் திட்டவில்லை.

மகள் படித்து முடித்துவிட்டாள். பினாங்கில் ஒரு வேலை, சிங்கப்பூரில் ஒரு வேலை, இரண்டும் கைக்கு வந்திருக்கின்றன. கிள்ளானில் ஒன்றுமில்லை. போன வாரம் புத்தகத்தில் கடைசிப் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதி, என் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தாள். என் பேனா பழக்கத்தில் ‘இரு’ என்று தொடங்கியது. அடித்துவிட்டு எழுதினேன்: ‘ஜாகா டிரி.’